புறம்போக்கு யாருக்குச் சொந்தம்?



பெரியாறு கடலை அணுகுமிடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து, அக்கிளைகளுக்கு இடையே சில தீவுகளை உண்டாக்கியிருக்கிறது. அவற்றுள் ஒன்று ஏலூர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டுக் காயலையும் எர்ணாகுளத்தையும் கடந்து வடகிழக்கே சென்றால் இவ்வூரை அடையலாம். தமிழர்க்கு இது முற்றும் அயலூர் அன்று. சர் சி. பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய காலத்தில், 1943ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 'ஃபாக்ட்' எனப்படும் உர நிறுவனம் தோன்றியது. 1947இல் ஏலூரில் உர உற்பத்தி தொடங்கியது. அதனை அடுத்துக் காரசோடா ஆலையும், அருமண் ஆலையும், பூச்சிகொல்லி ஆலையும் வந்தன. அத்தொழில் வட்டாரத்துக்கு உத்தியோகமண்டல் என்றே பெயர் வழங்குகிறது. சிற்றூராட்சியாக இருந்த ஏலூர் 2010இல் நகராட்சியாக உயர்ந்தது.

இவ்வூரை முன்னிறுத்தி இன்று ஒரு வினாவை ஆராய விரும்புகிறேன். ஸ்தல ஸ்தாபனங்கள் என்று முன்னாளில் நாம் வழங்கிய ஊராட்சி, நகராட்சி மன்றங்கள், தம் பொறுப்பிலுள்ள காப்பு நிலங்களை விலைக்கு விற்கலாமா? காப்பு நிலம் என்று நான் குறிப்பது ஆற்றங்கரை, ஏரி உள்வாய், சதுப்பு, அலையாத்திக் காடு, ஊர்ப் பூங்கா போன்றவற்றை. தனியொருவர் பெயரில் பட்டா இல்லாமல், நீருக்கும் மரத்துக்கும் பறவைக்கும் ஊராருக்கும் பொதுவாக விடப்பட்ட நிலங்கள் இவை.

இத்தகைய நிலத்துக்கு நம் மொழியில் பழைய சொல் ஒன்று உண்டு. அதுவே புறம்போக்கு. மலையாளத்திலும் இதே சொல்தான். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்டது என்பது இதன் பொருள். அரசர்க்கு வரி கட்டும் வயல் ஒருபுறம் இருக்க, ஊர் உயிர் வாழ்வதற்கு வேண்டிய நிலம் மற்றொருபுறம் இருந்தது. மேய்ச்சலுக்கு மேய்க்கால் புறம்போக்கு, நீருக்கு ஏரிப் புறம்போக்கு, வெள்ளத்துக்கு ஆற்றுப் புறம்போக்கு என்று வகுத்தனர். வரி விதிக்காமல் விட்டதற்குக் காரணம் அந்நிலம் பயனற்றது என்பதன்று. அதன் பயன் எல்லார்க்கும் உரியது என்பதே. காலம் மாறவே சொல்லும் இழிந்தது. ஒருவரை ஏசுவதற்கு இன்று அச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். சொல்லை இழிவாக்கிய மனப்பான்மைதான் நிலத்தையும் விலைப்பொருளாக்கியது என்று நான் கருதுகிறேன்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களுக்கு இவ்வினாவில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். பிறந்த ஊரில் ஒருவருக்கு ஒரு காணி நிலமேனும், பாட்டன் வைத்த ஒரு மரமேனும் இருக்கக்கூடும். பிழைப்பைத் தேடிச் சென்ற ஊரில் அவருக்கு என்ன உண்டு? வாடகை வீடும், பொது நிலமும்தான் உண்டு. மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லும் பூங்காவும், காற்று வாங்கும் கரையும், மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சதுப்புமே அங்கே அவருடைய சொத்து.

கொச்சிக் கோட்டைப் பகுதியில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து சில குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. அவர்களுடைய வழியினர் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுத்து வருகின்றனர். குளமும் வெட்டவெளியும் இல்லாமல் அத்தொழில் நடைபெறாது; ஈரத்துணியைக் காயவைப்பதற்கு வெயில் விழும் இடம் வேண்டும். 1976இல் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையம் அவர்களுக்கென 'தோபிகானா' எனப்படும் சலவைக்கூடத்தை அமைத்துத் தந்தது. திறந்தவெளி பொதுவாக இருந்ததனால், வந்தேறிய மக்களின் தொழில் நிலைத்தது. அந்த வெளியெல்லாம் முன்னமே ஏலம் போயிருந்தால் ஏலத்தில் எடுத்திருக்கக்கூடியவர் துணி வெளுப்பவர் அல்லர்.

ஆயினும் விற்க வேண்டும் என்போர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். நகராட்சிக்கு வருவாய் குறைவு, கடமையோ மிகுதி. விளக்கு, குடிநீர், சாக்கடை, பள்ளி, மருத்துவமனை என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கையில் நிலம் இருக்கிறது. அது குப்பை மேடாகவும் முட்புதராகவும் கிடக்கிறது. அதை விற்று ஒரு நற்பணி செய்தால் என்ன தவறு என்று அவர்கள் கேட்கின்றனர். இது கேட்கத் தகாத கேள்வி அன்று.

கொச்சியிலேயே இக்கேள்வி கடுமையான வடிவில் எழுந்தது. வைப்பின் தீவு மக்கள் எர்ணாகுளத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும் காயலைக் கடந்துதான் நகர மருத்துவமனையை அடைய வேண்டும். தேர்வு எழுதப் போகும் மாணவனும் காற்றையும் மழையையும் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். பாலம் வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை முற்றும் நியாயமானது. 1994இல் கோசிரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. எர்ணாகுளக் கரையோரமாகக் காயலில் சுமார் 25 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து, அவ்வாறு எழுந்த நிலத்தை விற்று, அந்தப் பணத்தால் பாலம் கட்டுவது என்பது திட்டம். 2004இல் கோசிரீப் பாலங்கள் திறக்கப்பட்டன. போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகிய தீவுகள் நகரோடு இணைந்தன.

அந்தப் பாலத்தின்மீது நடந்து செல்லும் எவரும் அதைக் குறை கூற மாட்டார். நானும் கூறவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். நிலத்தில் வாழும் மக்களுக்குச் சாலை போடும்போது கருவூலத்திலிருந்து பணம் எடுக்கிறோம். தீவில் வாழும் மக்களுக்குப் பாலம் கட்டும்போது மட்டும் காயலை விற்றுப் பணம் எடுக்கச் சொன்னது ஏன்? பாலம் குடிமகனின் உரிமையென்றால் அதற்கு உரிய பணம் வரியிலிருந்து வந்திருக்க வேண்டும். இயற்கைச் செல்வத்தை விற்றால்தான் அடிப்படை வசதி கிட்டும் என்ற நிலைமைக்கு மக்களைக் கொண்டு நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் பாலம் வேண்டுமா, காயல் வேண்டுமா?" என்று கேட்பது நேர்மையான கேள்வி ஆகாது. மேலும் அத்தகைய பேரத்தை ஒரு முறைதான் செய்யலாம். அடுத்த பாலத்துக்கும் அதற்கடுத்த சாலைக்கும் காயலையே விற்றுக்கொண்டு போனால், முடிவில் கடப்பதற்குக் காயல் இராது.

நிலம் சும்மா கிடக்கிறது என்ற வாதத்தை இனிப் பார்ப்போம். இதற்கு விடை ஏலூரிலேயே இருக்கிறது. குழிக்கண்டம் தோடு என்னும் ஓடை அவ்வூரின் தாழ்நிலங்களின் வழியே ஓடிப் பெரியாற்றில் கலக்கிறது. சதுப்பையும் ஓடையையும் யாருக்கும் பயன்படாத இடமென்று எண்ணிய காலத்தில் ஆலைக் கழிவுகள் அதில் சென்று சேர்ந்தன. பின்னர் நடந்த ஆய்வுகள் அதன் சேற்றில் நச்சு வேதிப்பொருள்களையும் கன உலோகங்களையும் கண்டன. 2004இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு அவ்வட்டாரத்துக்கே வந்து பார்வையிட நேர்ந்தது. வேலை செய்யாத நிலம் என்று நாம் கருதியது உண்மையில் ஊரின் நீரை வடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவ்வேலை நின்ற பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

2018 ஆகஸ்டு மாதத்தில் பெரியாறு பெருகியபோது ஏலூரிலும் வெள்ளம் புகுந்தது. ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. அந்த இடம் வெளியாக இருந்தால் அங்கே தங்கும். வீடாக இருந்தால் வீட்டுக்குள் தங்கும். நில விற்பனைப் பத்திரத்தை ஆறு படிப்பதில்லை.

நம் சென்னையிலும் இதே கதைதான். நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடந்தது. கட்டடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் சாலைகளுக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து கொடுத்தனர்; பெருங்குடிப் பகுதியில் மாநகராட்சி குப்பையைக் கொட்டியது. 2007இல் எஞ்சியதில் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக அறிவித்தனர். 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது இடம் பெற்றது. அதற்கு முன்பே, 2015 டிசம்பர் வெள்ளத்தில், தென்சென்னையின் வீடுகள் அச்சதுப்பு இழந்த பரப்புக்கு வட்டி கட்டிவிட்டன. இன்று அக்குப்பையை அகழ்ந்து அகற்றும் பணிக்கு மட்டும் மாநகராட்சி 300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க நேர்ந்திருக்கிறது. விலையில்லா நிலம் என்று எண்ணியதற்கு இதுவே விலை.

இனி, உள்ளாட்சி மன்றம் இந்நிலங்களுக்கு எவ்வகையில் உரியது என்பதை ஆராய்வோம். நம் கோயில்களை நினைத்துப் பாருங்கள். கோயில் நிலம் தருமகர்த்தாவின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் அவருடைய சொத்து அன்று. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, கோயில் நிலத்தை விற்க வேண்டுமாயின் அதற்கான தேவையை எடுத்துக்காட்ட வேண்டும். அறிவிப்பு வெளியிட்டு மறுப்புகளைக் கேட்க வேண்டும். ஆணையரின் அனுமதியையும் பெற வேண்டும். அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. 'சிவன் சொத்து குல நாசம்' என்ற பழமொழியும் அச்சட்டத்தைவிடப் பழைய காவலாக நிற்கிறது. தேவனின் நிலத்துக்கு இத்தனை காவல் இருக்கும்போது, ஆற்றின் நிலத்துக்கும் பறவையின் நிலத்துக்கும் இன்னும் பிறவாத குழந்தைகளின் நிலத்துக்கும் ஒரு மன்றக் கூட்டத்தின் பெரும்பான்மை வாக்கு மட்டும் போதுமா?

உலகச் சட்ட வரலாறும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. காற்றும், ஓடும் நீரும், கடலும், கடற்கரையும் இயற்கையாகவே எல்லார்க்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூல் கூறியது. நம் உச்ச நீதிமன்றம் 1996இல், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரைக் காட்டு நிலம் ஒரு விடுதிக்குக் குத்தகையாகத் தரப்பட்ட வழக்கில், அரசு இத்தகைய வளங்களுக்கு உரிமையாளர் அல்லர், பொறுப்பாளரே என்ற கொள்கையை நிலைநாட்டியது. 1999இல் வந்த வழக்கு உள்ளாட்சியையே நேராகத் தொட்டது. லக்னோ மாநகராட்சி அமீனாபாத்திலுள்ள ஜண்டேவாலா பூங்காவின் அடியில் கடைத்தொகுதி கட்டுவதற்கு ஒரு நிறுவனத்துக்கு இடங்கொடுத்திருந்தது. கட்டியதை அகற்றிப் பூங்காவை மீண்டும் பூங்காவாக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. நம் அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையும் நகர்ப்புறக் காடு வளர்த்தல், சுற்றுச்சூழல் காத்தல், பூங்காவும் விளையாட்டிடமும் அமைத்தல் ஆகியவற்றை நகராட்சிகளின் பணிகளாக எண்ணியிருக்கிறது. காக்கும் பணியை ஏற்றவர் அதே பொருளை விற்கும் தரகராகவும் இருப்பது எப்படிப் பொருந்தும்?

மன்றத்தின் ஒரு கையெழுத்தில் எவ்வளவு தீங்கு விளையக்கூடும் என்பதற்குக் கொச்சிக்கு அருகிலுள்ள மரடு சான்று. அங்கே நிகழ்ந்தது விற்பனை அன்று, அனுமதி. 2006இல், மரடு ஊராட்சியாக இருந்த காலத்தில், கடலோர ஒழுங்குமுறைக்கு மாறாகக் காயற்கரையில் அடுக்குமாடிகள் எழுவதற்கு அனுமதி தரப்பட்டது. 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்கச் சொல்லியது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் நான்கு தொகுதிகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. காயலும் கெட்டது, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவரும் வீதிக்கு வந்தனர். பொது நிலத்தின் வரம்பு மீறப்படும்போது வாங்குபவருக்கும் நிம்மதி இல்லை என்பதை நகரங்களில் வீடு தேடும் தமிழர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

மேலே இருக்கும் அரசுகளும் இச்சோதனைக்கு உட்பட்டவையே. 2025இல் தெலங்கானா அரசு ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் பசுமை நிலத்தை வளர்ச்சிப் பணிக்காக ஏலத்துக்குக் கொண்டுவர முனைந்தது. மரங்கள் வெட்டப்படவே மாணவர்கள் எதிர்த்தனர். ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அப்பணியை நிறுத்தி வைத்தது. இங்கிலாந்திலும் அரசின் காடுகளை விற்கும் திட்டமொன்று எழுந்து, இலட்சக்கணக்கான மக்கள் எதிர்ப்புக் கையொப்பம் இடவே, 2011 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

இவற்றுக்கு எதிராக, ஊர் மன்றமே காவலாக நின்ற செய்தியும் நம் நாட்டிலிருந்தே கிடைக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் குன்றுகளும் சுனைகளும் பழைய குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கைகளும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுகளில் அவ்வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமப் பகுதியை மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர்கள் திரண்டன, கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின, 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து செய்யப்பட்டது. தங்கள் குன்றைத் தாங்களே அறிந்த மக்கள் கூடிப் பேசியதனால் இது இயன்றது. ஆகவே, உள்ளாட்சியிடம் நிலம் இருக்கலாகாது என்பது என் கருத்தன்று. உள்ளாட்சியிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் தலைவர் கையில் அல்ல, சபையின் கையில் இருக்க வேண்டும்.

என் முடிவை இப்போது சொல்லிவிடுகிறேன். நீர்நிலை, ஆற்றங்கரை, சதுப்பு, அலையாத்திக் காடு ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் விற்கலாகாது. அவற்றுக்கு மாற்று நிலம் கிடையாது. ஓர் ஆற்றுக்கு வேறோர் இடத்தில் கரை வாங்கிக் கொடுக்க இயலாது. பூங்கா, திறந்தவெளி போன்றவற்றில் மருத்துவமனைக்கோ சாலைக்கோ இன்றியமையாத் தேவை ஏற்படுமாயின், ஊர் முழுவதும் அறியும்படி அறிவித்து, சபையைக் கூட்டி, அதே அளவு நிலத்தை அதே பகுதியில் ஒதுக்கிய பின்னரே எடுக்க வேண்டும். அப்போதும் விற்பதைவிடக் காலவரையறையுள்ள குத்தகை நன்று. பிழை நேர்ந்தால் பின்வரும் தலைமுறை திருத்திக்கொள்ளலாம். நிலத்தால் வந்த பணத்தைச் சம்பளத்துக்கும் விழாவுக்கும் செலவிடுவது விதைநெல்லைக் குத்தி உலையில் இடுவதற்கு ஒப்பாகும். இவற்றுக்கெல்லாம் முதற்படியாக, எவை பொது நிலங்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு மன்றத்தின் வாயிலிலும் மக்கள் படிக்கும்படி இருக்க வேண்டும். கணக்கில் இல்லாத நிலம்தான் முதலில் காணாமற்போகும்.

இறுதியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். "இது நம் ஊர் அன்றே, நமக்கேன் இந்த வம்பு?" என்று வந்த இடத்தில் ஒதுங்கி நிற்பது நம்மிற் பலரது வழக்கம். வாழும் ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்துச் சிறு நகராட்சிகளில் வார்டு சபை கூடுகிறது. அவ்வார்டின் வாக்காளர் யாவரும் அதன் உறுப்பினர். மொழி தடுமாறினாலும் சென்று அமருங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். உங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் தெருவின் கடைசியில் உள்ள குளத்துக்குப் பெயர் என்ன, அதன் அளவு என்ன, அது யார் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள்.

புறம்போக்கு யாருக்குச் சொந்தம் என்று தொடங்கினோம். பட்டா உள்ளவருக்கு அவருடைய நிலம் சொந்தம். பட்டா இல்லாதவருக்கு ஊரிலுள்ள புறம்போக்கு முழுவதும் சொந்தம். நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் மக்களுக்கு எஞ்சியிருக்கும் அந்த ஒரே சொத்தை விற்பதற்கு எந்த மன்றத்துக்கும் உரிமை இல்லை. விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நமக்கும் உரிமை இல்லை.